அண்ணன் எதிரே வருகிறார்



ஊர்த் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது என்றதும் நம்மில் பலர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறோம். சிலரோ வேலையைச் சாக்குச் சொல்லித் தங்கிவிடுகிறோம். சிறுவயதில் அந்த வீட்டில் வாங்கிய அடியும் கிடைக்காத அன்பும் நினைவில் நிற்கின்றன. நல்லது கெட்டதுக்குக்கூட முகம் பார்க்காத உடன்பிறப்பு அங்கே இருக்கிறார்.

தொடக்க நூலில் யாக்கோபு வளர்ந்ததும் இத்தகைய வீட்டில்தான். தந்தை ஈசாக்கு ஏசாவை நேசித்தார். தாய் ரெபேக்கா யாக்கோபை நேசித்தார். அன்பு இரண்டாகப் பிரிந்த வீட்டில் பிள்ளைகளும் பிரிந்தார்கள். பார்வை மங்கிய தந்தை யாரென்று கேட்டபோது, தாயின் சொற்படி, ‘ஏசா’ என்று பொய் சொல்லி அண்ணனின் ஆசியைப் பெற்றார் யாக்கோபு. பிறகு உயிருக்கு அஞ்சி மாமன் லாபானிடம் ஓடினார். சில நாள் என்று போனவருக்கு 20 ஆண்டுகள் கழிந்தன. தாயை அவர் மறுபடி பார்த்ததாக விவிலியம் சொல்லவில்லை.

ஊர் திரும்பும் வழியில், அண்ணன் 400 பேரோடு எதிரே வருவதாகச் செய்தி. நடுங்கிப்போன யாக்கோபு 500-க்கும் மேற்பட்ட கால்நடைகளை அன்பளிப்பாக முன்னே அனுப்பினார். ஆனால் அன்றிரவு யாபோக்கு ஆற்றங்கரையில், விடியும்வரை அவரோடு போராடியவர் கேட்டது அன்பளிப்பை அல்ல, பெயரை. இம்முறை அவர் ‘யாக்கோபு’ என்று உண்மையைச் சொன்னார். காலையில், நொண்டிக்கொண்டே எல்லாருக்கும் முன்னால் நடந்து ஏழு முறை தரைமட்டும் தாழ்ந்து வணங்கினார். ஏசாவோ ஓடிவந்து கட்டித் தழுவினார், இருவரும் அழுதார்கள்.

அதன்பின் அவர்கள் ஒரே வீட்டில் வாழவில்லை. ஏசா சேயிருக்குப் போனார்; யாக்கோபு சுக்கோத்துக்குப் போனார். ஆனால் தந்தை இறந்தபோது இருவரும் சேர்ந்தே அடக்கம் செய்தார்கள். ஆகவே, ஒப்புரவு என்றால் பழையபடி ஒரே கூரையின்கீழ் கூடுவது என்று மட்டும் எண்ண வேண்டாம். நம்மைக் காயப்படுத்தியவர் அருகில் இருப்பது இன்னும் ஆபத்து என்றால், தள்ளி நின்றே மன்னிக்கலாம். அதுவும் மன்னிப்புதான்.

முதலில் கடவுள்முன் உண்மையைச் சொல்வோம்: நமக்கு நேர்ந்ததையும், நாம் செய்ததையும். பிறகு, இயன்றால், பெற்றோரின் கல்லறையில் ஒரு மெழுகுதிரியையாவது உடன்பிறந்தவரோடு சேர்ந்து ஏற்றுவோம். நொண்டிக்கொண்டு நடந்தாலும் போதும். இறைவன் துணை வருவார். ஆமென்.