சாக்கடை நீரும் கீரைப் பாத்தியும்



வேதியியல் வகுப்பில் ஒரு மாணவி என்னைக் கேட்டாள்: "ஐயா, கழிவுநீரில் விளைந்த கீரையை மூன்று முறை அலசினால் நஞ்சு போய்விடாதா?" ஆசிரியனாகிய நான் உடனே விடை கூறவில்லை. போகும் என்றாலும் பிழை, போகாது என்றாலும் பிழை. விடையைத் தேடி இன்று உங்களைப் பாரிஸ் நகரின் புறத்தே உள்ள வயல்களுக்கு அழைத்துச் செல்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நகரின் சாக்கடை நீர் சேன் ஆற்றிலே கலந்தது. உரமாக வேண்டிய செல்வத்தை நகரம் கடலிலே கொட்டுகிறதே என்று விக்டர் ஹியூகோ 1862இல் வெளிவந்த தம் பெருநாவலில் வருந்தினார். 1869இல் பொறியாளர்கள் அக்கழிவுநீரை ஜென்வில்லியே என்னும் ஊரின் மணற்பாங்கான நிலத்தில் பாய்ச்சிப் பார்த்தனர். தழைச்சத்தும் மணிச்சத்தும் நீரோடு வந்தன. வறண்ட மணலில் காய்கறி தழைத்தது. பின்னர் ஆஷேர், பியெர்லே முதலிய ஊர்களுக்கும் கால்வாய் சென்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் நிலம் இவ்வாறு பாசனம் பெற்றது. இதை அறியாமை என்று எவரும் நகைத்தல் வேண்டா. ஆற்றின் சுமை குறைந்தது, நகரத்துக்குக் காய்கறி கிடைத்தது. அக்காலத்துக்கு அது நல்ல அறிவே.

ஆனால் சாக்கடையில் வருவது சமையலறை நீர் மட்டுமன்று. முலாம் பூசும் பட்டறைகளின் நீரும், ஈயக் குழாய்கள் வழியே வந்த நீரும் அதில் கலந்தன. பாரிஸ் நகரத்து வீடுகளின் கூரைகளிலே பெரும்பாலானவை துத்தநாகத் தகடு வேய்ந்தவை. அவற்றின் மீது பெய்த மழையும் அதே சாக்கடையில்தான் இறங்கியது. கழிவிலுள்ள அழுகும் பொருளை மண் உரமாக மாற்றிவிடும். நோய்க் கிருமிகளும் நாளடைவில் மடியும். ஈயமும் காட்மியமும் தனிமங்கள். அவற்றைச் சிதைக்க எந்த நுண்ணுயிராலும் இயலாது. மேல்மண்ணிலுள்ள மக்கு அவற்றைப் பற்றிக்கொள்ளும். நீர் தெளிந்து கீழே இறங்கும். நீரை வடிகட்டிய அந்த மண்ணே உலோகத்தின் சேமிப்புக் கிடங்காயிற்று.

இனிச் செடியைப் பார்ப்போம். தனிம அட்டவணையில் துத்தநாகத்துக்கு நேர் கீழே நிற்பது காட்மியம். வேருக்கு இவ்விரண்டையும் நன்கு பிரித்தறியத் தெரியாது. துத்தநாகம் நுழையும் வாயிலிலேயே காட்மியமும் நுழைந்து இலைவரை ஏறிவிடும். ஆதலால் காய்களைவிடக் கீரைகளில் அது மிகுதியாகச் சேர்கிறது. ஈயமோ பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும். இலையில் நாம் காணும் ஈயத்தில் பெரும்பகுதி மேலே ஒட்டிய மண்ணும் தூசியுமே.

என் மாணவிக்கு விடை இதுதான். ஒட்டிய ஈயம் அலசினால் பெரும்பாலும் போகும். இலைக்குள் ஏறிய காட்மியம் அலசினாலும் வேகவைத்தாலும் அழியாது. உடலில் புகுந்த காட்மியம் சிறுநீரகத்தில் பல பத்தாண்டுகள் தங்கும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஒரு வேளைக் கீரையால் கேடு நேர்வதில்லை. நாள்தோறும் உண்பதுதான் அஞ்சத்தக்கது. அதனால்தான் கீரை ஒரு கிலோவில் காட்மியம் 0.2 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று பன்னாட்டு உணவு நெறிமுறை வரம்பு கட்டியுள்ளது. மண்ணில் புளிப்பு மிகுந்தால் செடி உறிஞ்சுவதும் மிகும். சுண்ணாம்பு இட்டால் குறையும். உழவனால் இவ்வளவே இயலும்.

2000ஆம் ஆண்டில் ஆஷேர், பியெர்லே வயல்களில் காய்கறி பயிரிடுதல் தடை செய்யப்பட்டது. நகரம் அனுப்பிய நீரைத் தலைமுறை தலைமுறையாக வாங்கிப் பாய்ச்சிய உழவர்கள் என்ன பிழை செய்தனர்? அவர்களுக்காக என் மனம் வருந்துகிறது.

"அப்படியானால் கழிவுநீரே வேண்டாமா, ஐயா?" என்று அம்மாணவி மீண்டும் கேட்டாள். மழை பொய்த்த ஊரில் ஆண்டு முழுதும் ஓடுவது அந்த நீர் ஒன்றுதானே, அம்மா! உழவன் அதை எப்படி விடுவான்? பட்டறை நீரைப் பட்டறை வாயிலிலேயே தனியே பிரித்துச் சுத்திகரித்துவிட்டால், எஞ்சிய வீட்டுக் கழிவுநீரில் உலோகம் பெரிதும் குறையும். அதைக் கிருமி நீக்கிப் பாய்ச்சலாம். சாக்கடையில் கலந்தபின் பிரிப்பது கடினம். மண்ணில் சேர்ந்தபின் அதனினும் கடினம்.

பியெர்லே வயல்களில் இப்பொழுது காடு வளர்க்கிறார்கள். திட்டத்தின் பரப்பு 1,350 ஹெக்டேர். நடவேண்டிய மரங்கள் ஏறத்தாழ 10 லட்சம். உலோகம் இன்னும் அந்த மண்ணிலேயே இருக்கிறது.