அரியலூர்க் கல்லும் ஞாலத்தின் அகவையும்



அரியலூர்ப் புறத்தே புன்செய்க் காட்டில் ஏரோட்டும் உழவன் ஒருவன், கொழுமுனையில் தட்டுப்பட்ட கல்லொன்றைக் குனிந்தெடுக்கின்றான். மண்ணைத் துடைத்துப் பார்க்கின்றான். அது சிப்பி போல் இருக்கின்றது. ஆயினும் சிப்பி அன்று. சிப்பியின் வரியும் வளைவும் ஒன்றுவிடாமல் பெற்றுள்ள கல். கடலோ அங்கிருந்து பல கல் தொலைவுக்கு அப்பால் கிடக்கின்றது. அந்தச் சிப்பியை அங்குக் கொணர்ந்து போட்டவர் யார்? ஒருவரும் கொணர்ந்திலர். சிப்பி வாழ்ந்த இடத்திலேயே இருக்கின்றது. கடல்தான் அகன்று போயிற்று.

இவ்வெளிய விடையைத் துணிந்து கூறுதற்கு மாந்த இனத்திற்கு நெடுங்காலம் தேவைப்பட்டது. 1650இல் அயர்லாந்து நாட்டுச் சமயத் தலைவர் உசர் என்பார், உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பெற்றதென்று ஏட்டைக்கொண்டு கணக்கிட்டார். அதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1669இல், டென்மார்க்கு நாட்டு இசுட்டெனோ என்பார் ஏட்டை விடுத்துப் பாறையை நோக்கினார். அடுக்கடுக்காய்ப் படிந்த மண்ணில் அடியில் உள்ளது முந்தியது, மேலுள்ளது பிந்தியது என்றார். வைக்கோற்போர் போட்ட எவரும் அறிந்த உண்மைதான் அது! ஆயினும் அவ்வுண்மையை மலைக்கும் பொருத்திப் பார்த்த அன்றே நிலநூல் பிறந்தது. பின்னர் 1815இல் இங்கிலாந்தின் வில்லியம் சிமித்து, ஒவ்வோர் அடுக்கிலும் அதற்கே உரிய உயிர்வடிவங்கள் உள்ளன என்பதைக் கொண்டு, அந்நாட்டு நிலப்படத்தையே வரைந்து காட்டினார். புதைபடிவு என்பது வெறும் புதுமைப்பொருள் அன்று. காலத்தின் முத்திரை என்பது அன்று முதல் நிலைபெற்றது.

அம்முத்திரைகள் மிகச் செறிந்து கிடக்கும் இடங்களுள் ஒன்று தமிழகம். 1840களின் தொடக்கத்தில் கேய், கன்லிப்பு என்னும் ஆங்கிலேயர் இருவர் புதுச்சேரி, திருமுதுகுன்றமாகிய விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டிய கற்படிவுகளை, எட்வர்டு போர்பசு என்னும் அறிஞர் ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார். 1860களில் பிளான்போர்டு என்பார் அந்நிலம் முழுதும் அளந்து, பாறையடுக்குகளுக்கு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அவ்வவ்வூர்ப் பெயர்களையே இட்டார். இசுட்டோலிச்கா என்பார் அங்குக் கிடைத்த உயிர்வடிவங்களை 1863 தொடங்கி 1873 வரை பெருந்தொகுதிகளாக எழுதி முடித்தார். அன்று தொட்டு உலகின் எம்மூலையில் உள்ள நிலநூலாரும் அரியலூர் என்னும் பெயரை அறிவர். அரியலூரில் வாழ்வார்தாம் அதன் பொருளை அறியார்.

அப்பொருள் இதுதான். ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் அங்கு ஏறி வந்தது. பலமுறை முன்னேறியும் பின்வாங்கியும், 6 கோடி ஆண்டளவில் அது விலகிற்று. மேலையறிஞர் அக்காலத்தைக் கிரெட்டேசியசு என்பர். சுண்ணத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்த பெயர் அது. நாம் அதனைச் சுண்ணவூழி எனலாம். காரைப் பகுதியின் களிமண்ணில் கணவாய் மீனுக்கு உறவான உயிரிகளின் உட்கூடுகள், விரல் போன்ற கற்களாய் இறைந்து கிடக்கின்றன. ஆட்டுக்கிடாயின் கொம்பு போல் சுருண்ட அம்மோனைட்டு என்னும் ஓடுகளும் அப்பகுதியில் உண்டு. கல்லங்குறிச்சியில் சிப்பிகளே மலிந்து சுண்ணக்கல்லாய் இறுகியுள்ளன. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரிலோ, கடலுக்கு அடித்து வரப்பட்டு மண்ணில் புதைந்த மரமொன்று, அறுபதடி நீளம் கல்லாகிக் கிடக்கின்றது. அதனை 1940இல் கண்டறிந்தவர், பின்னாளில் இந்திய நிலநூல் அளவைத்துறைக்கு முதல் இந்தியத் தலைவரான எம்.எசு. கிருட்டிணன்.

மரம் எங்ஙனம் கல்லாகும் என்பார்க்கு விடை எளிது. காற்றுப் புகாவண்ணம் சேற்றில் விரைந்து மூடப்பட்ட உடல் அழுகுவதில்லை, அல்லது மிகமெல்ல அழுகும். நிலத்தடி நீரில் கரைந்துள்ள மணற்சத்தும் சுண்ணச்சத்தும் அதன் நுண்ணறைகளிற் புகுந்து படிகின்றன. மரம் சிறிது சிறிதாக மறைய, அதன் இடத்தில் கல் சிறிது சிறிதாக அமர்கின்றது. ஆயிரத்தில் ஓருயிர்க்கும் இந்நற்பேறு கிட்டுவதில்லை. அதனாலேயே கிட்டியவை அரியவை.

கோடி ஆண்டு என்பதை எதைக்கொண்டு அளந்தனர்? பாறையில் உள்ள யுரேனியம் மாறா வேகத்தில் காரீயமாக மாறிக்கொண்டே உள்ளது. ஒரு குறிப்பிட்ட அளவு யுரேனியம்-238 பாதியாகக் குறைதற்கு ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் ஆகும். எஞ்சிய யுரேனியத்தையும் விளைந்த காரீயத்தையும் ஒப்பிட்டால் அப்பாறையின் அகவை வெளிப்படும். கரிமம்-14 என்னும் அளவுகோல் ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் வரையே செல்லும். அது தொல்லியலுக்குரியது, நிலநூலுக்குப் போதாது. இவ்வகை அளவைகளால் ஞாலத்தின் அகவை 454 கோடி ஆண்டுகள் எனத் தெளியப்பட்டது.

எண் பெரிது, உள்ளம் அதனைப் பற்றுவதில்லை. எனவே ஒரு வழிநடையாகக் காண்போம். குமரிமுனையினின்று சென்னைக் கோட்டை வாயில் வரை ஏறத்தாழ 440 கல், அதாவது மைல். கல்லுக்கு ஒரு கோடி ஆண்டு எனக் கொள்வோம். ஞாலம் குமரியில் பிறக்கின்றது. மதுரையைக் கடந்து திருச்சியை நெருங்கும் பொழுதே, பரங்கிமலையும் நீலமலையும் ஆகிய கரும்பாறை உருவாகின்றது. அதன் அகவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. அரியலூரில் கடல் ஏறும்பொழுது பல்லாவரம் வந்துவிடுகின்றது. டைனோசர் எனப்பட்ட பெரும்பல்லியினம் அழியும் 6 கோடியே 60 இலக்கம் ஆண்டென்பது கிண்டி. அத்திரம்பாக்கத்தில் கிடைத்த 15 இலக்கம் ஆண்டுப் பழமையுள்ள கற்கோடரிகள், கோட்டை வாயிலுக்கு எண்ணூறடி முன்னே. இன்றைய மாந்தஇனம் தோன்றியது நூற்றறுபதடி முன்னே. கழகப் பாடல்கள் பிறந்த ஈராயிரம் ஆண்டுகளோ, வாயிற்படிக்கு முன் ஓரடி!

இவ்விடத்தே தமிழன்பர் தம் நெஞ்சைத் தொட்டு நினைத்துப் பார்த்தல் வேண்டும். தமிழின் தொன்மையைப் பேசுங்கால் கோடி ஆண்டுகளை எடுத்து வீசுவார் நம்முள் உளர். கடல்கொண்ட நிலத்தைப் பற்றிய நினைவு நம் பழைய நூல்களில் உண்டு, அது மதிக்கத்தக்கது. 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையினும் ஏறத்தாழ 400 அடி தாழ்ந்திருந்தது. தமிழகமும் ஈழமும் தரையால் இணைந்திருந்தன. பனி உருகக் கடல் உயர்ந்து கரைநிலங்களை விழுங்கிற்று. இது மாந்தர் கண்ட செய்தி; நம் வழிநடையில் இறுதிப் பத்தடிக்குள் அடங்குவது. ஆனால், 1864இல் இசுக்கிலேட்டர் என்னும் ஆங்கிலேயர், மடகாசுக்கரிலும் இந்தியாவிலும் உள்ள விலங்குகளின் ஒப்புமையை விளக்குதற்காக இலெமூரியா என்றொரு நிலத்தைக் கருதினாரே, அது வேறு. நிலத்தட்டுகள் நகர்கின்றன என்பது 1960களில் மெய்ப்பிக்கப்பட்டபின் அக்கருத்துக்குத் தேவை இல்லாது போயிற்று. மடகாசுக்கர் இந்தியாவினின்று பிரிந்தது ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன். அன்று மாந்தன் இல்லை, மொழியும் இல்லை. பத்தடியில் நிகழ்ந்ததையும் ஒன்பது கல் தொலைவில் நிகழ்ந்ததையும் ஒரு நூலால் தைத்தல் தகாது. தமிழின் பெருமைக்கு மெய்ச்சான்றுகள் நிரம்ப உள. ஒரு பொய்ச்சான்று கலந்தாலும் பகைவன் அதனைக் காட்டியே மெய்யனைத்தையும் மறுப்பான்.

மெய்ச்சான்றை இழப்பதும் பொய்ச்சான்றைக் கூட்டுவது போன்றே கேடுடையது. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் யாதகிரி, அய்யாசாமி என்னும் நிலநூலார் இருவர் பேருயிர் ஒன்றின் எலும்புகளைக் கண்டனர். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே ஆறரையடி! 1980களின் இறுதியில் வெளியான அவர்தம் ஆய்வுரையில் அதற்குப் பிரூகத்காயோசாரசு எனப் பெயரிட்டனர். உலகில் வாழ்ந்த மிகப்பெரும் நிலவுயிர்களுள் ஒன்றாக அது இருந்திருக்கலாம். ஆனால் அவ்வெலும்புகள் இன்றில்லை. மழையிலும் ஈரத்திலும் நொறுங்கி மண்ணாயின. வரைபடங்களும் நிழற்படங்களுமே எஞ்சின. ஏழு கோடி ஆண்டு காத்த மண்ணினின்று வெளிப்பட்டது, மாந்தன் கையில் சில ஆண்டும் நிலைக்கவில்லை.

சுண்ணக்கல் பாறைகளோ நாள்தோறும் உடைபட்டுச் சிமெண்டு எனப்படும் பைஞ்சுதையாகின்றன. வீடு கட்டப் பைஞ்சுதை வேண்டும்; அவ்வேலையால் உண்ணும் குடும்பங்களும் பல. சுரங்கக் குழி வெட்டியதனாலேயே அடுக்குகள் வெளித்தெரிந்தன என்பதும் உண்மை. ஆதலின் சுரங்கத்தை மூடுக என்பது கோரிக்கை அன்று. வெட்டும் குழிதோறும் ஒரு பக்கச் சுவரையேனும் உடைக்காமல் விட்டுவைத்தல் வேண்டும். வெளிப்படும் படிவுகளை, எவ்விடத்து எவ்வடுக்கில் இருந்தன என்னும் குறிப்போடு காத்தல் வேண்டும். இடமறியாது பெயர்த்தெடுத்த படிவு, ஓலைச்சுவடியினின்று கிழித்த ஒற்றை ஏடு போன்றது. வாரணவாசியில் உள்ள காட்சியகத்திற்கு ஊர்தோறும் உள்ள பள்ளி மாணவர் சென்று காணல் வேண்டும். மேலாக, இவ்வறிவு அவர்க்குத் தமிழில் கிடைத்தல் வேண்டும். பிறமொழியில் எழுதிய நூறு தொகுதிகள் இருப்பினும், ஏரோட்டும் உழவனுக்கு அவன் கைக்கல்லின் வரலாற்றைக் கூறும் ஒரு தமிழேடு இல்லையேல், அக்கல் அவனுக்கு வெறுங்கல்லே.

அறியாதவன் எறிந்துவிடுவான், அறிந்தவன் எடுத்துவைப்பான். அரியலூர்க் கல் எடுத்துவைக்கத் தக்கது.