நடக்கத்தானே போறோம், ரூம் எதுக்கு?

(பட்டிமன்றத் தலைப்பு: குடும்பத்தோடு ஊர் சுற்றும்போது தங்கும் செலவு – வீண் செலவா? தேவையான செலவா? "தேவையான செலவே" என்ற அணியில் பேசியது.)

எதிரணியிலே வீற்றிருக்கும் சிக்கனச் செம்மல்களே! திருவண்ணாமலை நகரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே!

நான் திண்டுக்கல்லிலே கணக்கு வாத்தியார். கணக்கு வாத்தியார் செலவு செய்யச் சொல்லிப் பேச வந்திருக்கானேன்னு என் மனைவிக்கே சந்தேகம். (சிரிப்பு) காரணம் இருக்குங்க. கடைசியிலே சொல்றேன்.

எதிரணித் தலைவர் ஐயா என்ன சொன்னார்? "நம்ம பாட்டன் பூட்டன் மாட்டு வண்டி கட்டி யாத்திரை போனான். சத்திரத்திலே படுத்தான். காலணா வாடகை குடுத்தானா?"ன்னு கேட்டார். கைதட்டினீங்க. நானும் தட்டினேன். ஆனா ஐயா, சத்திரம் தானா முளைச்சதா? மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலையும் போட்டாங்க, சத்திரமும் கட்டினாங்க. தஞ்சாவூர் சரபோஜி மன்னர் 1802-லே ஒரத்தநாட்டிலே முத்தாம்பாள் சத்திரம் வெச்சார். நகரத்தார் காசியிலே போய்ச் சத்திரம் கட்டினாங்க. வழிப்போக்கன் படுக்க ஒரு இடம் வேணும்னு அரண்மனைக் கஜானா கணக்குப் போட்டிருக்கு. வியாபாரிகளும் கணக்குப் போட்டிருக்காங்க. நம்ம பாட்டன் இலவசமாப் படுத்தான். ஆனா அந்தச் செலவு இல்லாமப் போகலை, வேற ஒருத்தர் நோட்டிலே இருந்தது. இன்னைக்கு அந்தக் கணக்கை நீங்களும் நானும்தான் எழுதணும். (கைதட்டல்)

அடுத்து வந்த அம்மா, "வெளிநாட்டுக்காரன் கூடாரத்தை வண்டியிலே கட்டிக்கிட்டு, போற இடத்திலே படுத்து எந்திரிக்கிறான்"னு சொன்னாங்க. அம்மா, அவன் கதையைக் கொஞ்சம் கேளுங்க. 1962-லே அமெரிக்காவிலே சியாட்டில்ங்கிற ஊரிலே உலகக் கண்காட்சி நடந்தது. குடும்பம் குடும்பமா காரிலே கிளம்பினாங்க. வழியிலே பில்லிங்ஸ்னு ஒரு ஊர். அங்கே ஒருத்தர் ஆத்தங்கரையிலே இருந்த தன் நிலத்தைச் சீர் பண்ணி, "இங்கே கூடாரம் அடிச்சுக்கலாம், ராத்திரிக்கு ஒண்ணே முக்கால் டாலர்"னு போர்டு வெச்சார். கூடாரம் வந்தவனோடது. மெத்தை அவனோடது. வண்டியும் அவனோடதுதான். அப்புறம் எதுக்குக் காசு குடுத்தான்? குளிக்க வெந்நீருக்கு! கழிப்பறைக்கு! கே.ஓ.ஏ.ன்னு பெரிய முகாம் நிறுவனமா அது வளர்ந்தது. வீட்டையே வண்டியிலே ஏத்திக்கிட்டு வந்தவனும், ராத்திரி நிக்கிற இடத்துக்குக் காசு ஒதுக்கித்தான் ஊர் சுத்துறான். (கைதட்டல்)

மூணாவதா வந்த தம்பி பெரிய அஸ்திரத்தை எடுத்தார். "ரமண மகரிஷி கையிலே காசில்லாம இந்த ஊருக்கு வந்தாரே, அவருக்குப் படுக்க இடம் கிடைக்கலையா?"ன்னார். தம்பி, அவர் வந்தது 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி. வயசு பதினாறு. எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவர். நீங்க எதை விட்டுட்டு வர்றீங்க? சம்சாரம், ரெண்டு பிள்ளை, மாமியார், நாலு பை, ஒரு குக்கர்! (பலத்த சிரிப்பு)

அவரும் கணக்குப் போட்டுத்தான் மதுரையிலேருந்து கிளம்பினார். அண்ணன் காலேஜுக்குக் கட்டக் குடுத்த அஞ்சு ரூபாயிலே, மூணு ரூபாய் போதும்னு எடுத்துக்கிட்டு, ரெண்டு ரூபாயைக் கடிதத்தோட வெச்சுட்டுப் போனார். எதை வெச்சுக் கணக்கு? ஒரு பழைய நிலப்படம். திருவண்ணாமலைக்குக் கிட்டத்திலே ரயில் நிக்கிற ஊர் திண்டிவனம்னு அதிலே இருந்தது. ஆனா அதுக்குள்ளே விழுப்புரத்திலே மாறினா நேரே இந்த ஊருக்கே ரயில் வந்திருச்சு! படத்திலே இல்லை. திண்டிவனத்துக்கு டிக்கெட் வாங்கினதிலே கைக்காசு கரைஞ்சு போச்சு. விழுப்புரத்திலேருந்து மாம்பழப்பட்டு வரைக்கும்தான் காசு போதும்னு, மிச்சத்துக்கு நடந்தார். கீழூரிலே தண்ணி கேட்டுப் போன இடத்திலே மயங்கி விழுந்தார். கடைசியிலே காதிலே கிடந்த கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வெச்சு ரயில் ஏறினார். பழைய படத்தை வெச்சுக் கணக்குப் போட்டா மகானுக்கே துண்டு விழுது. போன தடவை வந்தப்போ குடுத்த வாடகையை வெச்சுக்கிட்டு நாம கணக்குப் போட்டா என்ன ஆகும்? (கைதட்டல்)

இன்னொண்ணும் சொல்றேன். விருபாட்ச குகையிலே பல வருஷம் இருந்தவர், 1916-லே அவங்க அம்மா கூட வந்து தங்கின காலத்திலே, மேலே கந்தாசிரமத்துக்கு மாறினார். அங்கே இடம் பெரிசு, தண்ணி ஊத்து உண்டு. அம்மா அடுப்பு மூட்டினாங்க. தனியா இருந்தா குகை போதும். அம்மா வந்துட்டா தண்ணியும் இடமும் வேணும். இதுதான் என் கட்சி!

இனி என் கதைக்கு வர்றேன்.

சில வருஷத்துக்கு முன்னாடி, ஒரு சித்ரா பௌர்ணமி. வேன் பிடிச்சுப் பதினோரு பேர் கிளம்பினோம். ஸ்ரீரங்கம், சிதம்பரம், திருவண்ணாமலை. நோட்டு என் கையிலே. வேன் வாடகை, டிரைவர் பேட்டா, டோல்கேட், சாப்பாடு, அர்ச்சனை, பொரி உருண்டை வரைக்கும் எழுதியாச்சு. தங்குற செலவு? முதல் ராத்திரி வேனிலேயே பயணம். ரெண்டாவது ராத்திரி சிதம்பரத்திலே ஒரு மண்டபத்துத் தாழ்வாரம். மூணாவது ராத்திரி இங்கே கிரிவலம். பதினாலு கிலோமீட்டர். "விடிய விடிய நடக்கத்தானே போறோம், ரூம் எதுக்கு?"ன்னேன். வீட்டிலே எல்லாரும் என் புத்தியை மெச்சினாங்க. (சிரிப்பு)

மத்தியானமே வந்து சேர்ந்தோம். ஒரு லாட்ஜிலே பௌர்ணமி ராத்திரிக்கு ஆயிரத்து எண்ணூறு கேட்டாங்க. சிரிச்சுட்டு வந்துட்டேன். கூட்டமான நாள், வேனை ஊருக்கு வெளியே நிறுத்தச் சொல்லிட்டாங்க. அக்னி நட்சத்திர வெயில். சாயந்திரம் வரைக்கும் வேன் நிழல்லே உக்காந்திருந்தோம். ஆம்பளைங்க நாங்க அப்படி இப்படிப் போய்ட்டு வந்தோம். எங்கம்மாவுக்கு வயசு அறுபத்தெட்டு. தண்ணி பாட்டிலை நீட்டுறப்பல்லாம் "தாகமில்லைப்பா, தாகமில்லைப்பா"ன்னாங்க. நானும் நம்பிட்டேன்.

இந்திர லிங்கத்திலேருந்து ஒவ்வொண்ணாக் கும்பிட்டு நடந்தோம். வாயு லிங்கம் பக்கத்திலே அம்மா உக்காந்தாங்க. அப்படியே சாய்ஞ்சுட்டாங்க.

தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குளுக்கோஸ் ஏத்தினாங்க. டாக்டரம்மா, "கடைசியா எப்பம்மா தண்ணி குடிச்சீங்க?"ன்னு கேட்டாங்க. "காலையிலே"ன்னாங்க. "ஏம்மா?" எங்கம்மா என்னைப் பார்க்கலைங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டு, சன்னமாச் சொன்னாங்க: "குடிச்சா ஒதுங்கறதுக்கு இடம் இல்லைங்களே."

(அரங்கில் அமைதி)

ஆஸ்பத்திரிச் செலவு மூவாயிரத்து எண்ணூறு. என் நோட்டிலே மிச்சம் ஆயிரத்து எண்ணூறு. நான் கணக்கு வாத்தியார் நடுவர் அவர்களே! அந்த மிச்சத்தை நான் பிடிக்கவே இல்லை. எங்கம்மா உடம்பிலேருந்து உருவியிருக்கேன். சிக்கனம்னு நாம சொல்றதை, ஏன்னு கேட்க வெக்கப்படுற ஒரு பொம்பளை நமக்காகக் கட்டிட்டிருக்காள். அம்மா கட்டுறாள், சம்சாரம் கட்டுறாள், வயசுக்கு வந்த மகள் கட்டுறாள். அது எந்த நோட்டிலேயும் வராது.

டிரைவரும் இருக்கார். ரெண்டு ராத்திரி ஸ்டீரிங் மேலே தலை வெச்சுத் தூங்கின அந்தத் தம்பி கையிலேதான் பதினோரு உசுரைக் குடுத்துத் திரும்பி வந்தோம். பேட்டா குடுத்தேன், படுக்கை குடுத்தேனா?

(மணி அடிக்கப்படுகிறது)

முடிச்சுடறேன் ஐயா. கணக்கு வாத்தியாரா மூணே வரி. ஒண்ணு, பயணத்துக்கு எத்தனை பகல்னு எண்ணாதீங்க, எத்தனை ராத்திரின்னு எண்ணி, நோட்டிலே அதை முதல் வரியா எழுதுங்க. ரெண்டு, அன்னன்னைக்கு விலையைப் போன் போட்டுக் கேளுங்க. பௌர்ணமிக்கு ஒரு விலை, தீபத்துக்கு ஒரு விலை. இருபத்து நாலு மணி நேரமா, மத்தியானமே காலி பண்ணணுமா, வரி சேர்த்தா சேர்க்காமலான்னும் கேளுங்க. ஆசிரமத்திலே தங்கலாம்னாலும் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கணும். மூணு, கையிலே காசு குறைவா? நாளை மாத்துங்க, அறையைக் குறைக்காதீங்க. மலை தினமும் இங்கேதான் இருக்கு. சாதாரண நாளிலே சுத்தினாலும் அதே பதினாலு கிலோமீட்டர்தான்! (கைதட்டல்)

போன வருஷம் மறுபடியும் வந்தோம். பௌர்ணமி இல்லை, ஒரு புதன்கிழமை. முதல்லே ரூம். கதவைத் திறந்ததும் எங்கம்மா குளியலறையை எட்டிப் பார்த்தாங்க. குழாயைத் திருகிப் பார்த்தாங்க. வந்து கட்டில்லே உக்காந்து, நான் நீட்டாமலே, அவங்களாக் கேட்டாங்க: "டேய், ஒரு சொம்பு தண்ணி குடுடா."

அது தேவையான செலவா, வீண் செலவா? நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்க கையிலே. (நீண்ட கைதட்டல்)