முதல் வருஷக் கணக்கு

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ‘காப்பகம் செல்லும் குழந்தையும் அடிக்கடி வரும் காய்ச்சலும்’ என்ற தலைப்பில் ஆற்றிய உரை)



நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். கணக்கு எழுதுவது மட்டும்தான் எனக்குத் தெரியும். அதனால் இன்றைக்கு ஒரு கணக்கைத்தான் உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

என் பேரனை ஏழாவது மாதத்தில், போன ஜூலையில், காப்பகத்தில் சேர்த்தோம். டிசம்பர் முடிய ஆறு மாதத்தில் சளிக் காய்ச்சல் ஐந்து முறை, வயிற்றுப்போக்கு ஒரு முறை, மெட்ராஸ் ஐ ஒரு முறை. காப்பகத்துக்குப் போகாத வேலை நாட்கள் 23. லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லாம், “பச்சைக் குழந்தையை அங்கே கொண்டுபோய் விட்டால் இப்படித்தான்” என்றார்கள். நவம்பர் மழையில், நான்காவது காய்ச்சலின்போது, “வேலையை விட்டுவிடட்டுமா அத்தை?” என்று மருமகள் கேட்டாள். இந்த வளாகத்தில் இன்னும் இரண்டு மூன்று வீட்டில் இதே கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இந்தப் பேச்சு.

முதலில், குழந்தைக்கு ஏன் இப்படி வருகிறது? கருவில் இருக்கும்போது தாயிடமிருந்து வாங்கி வந்த எதிர்ப்புச் சக்தி ஆறு மாத வாக்கில் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. 2017-இல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தி உயர்த்திய விடுப்பு 26 வாரம்; அதுவும் ஆறு மாதம்தான். இரண்டு டெபாசிட்டும் ஒரே நேரத்தில் முடிந்துபோகின்றன. அந்தச் சமயத்தில் பத்துப் பிள்ளைகள் ஒரே பொம்மையை வாயில் வைக்கும் இடத்துக்குக் குழந்தை போகிறது. சளி உண்டாக்கும் வைரஸ்களே இருநூறு வகைக்கு மேல். வருஷத்துக்கு ஆறு முதல் எட்டு சளி சின்னக் குழந்தைகளுக்கு சகஜம் என்றும், காப்பகம் போகிற பிள்ளைக்கு அதைவிடக் கூடுதலாக வரும் என்றும் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அம்மா கொடுத்த சாப்பாட்டிலும் குறை இல்லை, கண்ணேறும் காரணம் இல்லை.

ஒரு முறை வந்தால் போதாதா என்று கேட்கலாம். நம் வேலூர் சி.எம்.சி.யில் 373 குழந்தைகளைப் பிறந்தது முதல் மூன்று ஆண்டு தொடர்ந்து கவனித்து, ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கைப் பற்றி 2011-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒவ்வொரு முறை தொற்று வந்தபோதும் பாதுகாப்பு கூடியது. ஆனால் மூன்று முறை வந்த பிறகும் மிதமான, கடுமையான நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 சதவீதம்தான். மேட்டூரில் தண்ணீர் திறந்த மறுநாளே கடைமடைக்கு வந்துவிடுமா? நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வருகிற தண்ணீர் வீண் போவதும் இல்லை. அமெரிக்காவில் டூசான் என்ற ஊரில் ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளைப் பதின்மூன்று வயது வரை கவனித்தார்கள். பெரிய காப்பகங்களுக்குப் போன பிள்ளைகளுக்கு இரண்டு வயதில் சளி அதிகம். ஆறு முதல் பதினொரு வயது வரை, வீட்டில் வளர்ந்த பிள்ளைகளைவிடக் குறைவு. வீட்டிலேயே வைத்திருந்தால் இந்தச் சளியில் ஒரு பங்கு எல்.கே.ஜி.யில் வரும், அவ்வளவுதான்.

அதற்காக எல்லா நோயையும் வந்து போகட்டும் என்று விடக் கூடாது. தடுப்பூசி இருக்கும் நோய்க்குத் தடுப்பூசிதான் வழி. ரோட்டா சொட்டு மருந்து 6, 10, 14 வாரங்களில். நியூமோகாக்கல் ஊசி 6, 14 வாரங்களிலும் ஒன்பதாவது மாதத்திலும். இரண்டும் அரசு அட்டவணையில் உள்ளவை, இலவசம். ஃப்ளூ ஊசி ஆறு மாதத்துக்கு மேல் போடலாம். அதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்து, என் வயதுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்காதீர்கள். மூக்கில் எண்ணெய் விடாதீர்கள். அது நுரையீரலுக்குப் போய்விடும். கற்பூரத் தைலமும் சாம்பிராணிப் புகையும் மூச்சு விடச் சிரமப்படும் குழந்தைக்கு ஆகாது. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும். போன தடவை மீந்த இருமல் சிரப்பைத் தூக்கிப் போடுங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்துகளைக் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசின் சுகாதார இயக்குநரகம் 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளின் உயிரைக் குடித்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது என்பதை மறக்க வேண்டாம். சளிக்கு ஆன்டிபயாடிக்கும் உதவாது. டாக்டரிடம் நாமாகக் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் முழுதாகக் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். டாக்டர் எழுதும் துத்தநாக மாத்திரையை, போக்கு நின்றாலும் 14 நாள் முடிக்க வேண்டும். தாய்ப்பாலையும் கஞ்சியையும் நிறுத்தக் கூடாது.

எப்போது ஓட வேண்டும்? இதை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல். குழந்தை அமைதியாக இருக்கும்போது முழுசாக ஒரு நிமிஷம் எண்ணினால் மூச்சு, ஒரு வயதுக்குள் 50, ஒரு வயதுக்கு மேல் 40 அல்லது அதற்கு மேல். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுதல். பால் குடிக்க மறுத்தல். எழுப்பினாலும் துவண்டு கிடத்தல். வலிப்பு. மலத்தில் ரத்தம். ஆறேழு மணி நேரம் சிறுநீர் போகாமை. இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108 இருக்கிறது, இராசா மிராசுதார் மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது.

இனி அந்த 23 நாளுக்கு வருகிறேன். மருமகளுக்கு வருஷத்துக்குத் தற்செயல் விடுப்பு 12. இருபத்து மூன்றும் அவள் தலையில் விழுந்திருந்தால் 11 நாள் சம்பளம் போயிருக்கும். அதற்கு முன்பே மனசு விட்டுப்போய் வேலையையும் விட்டிருப்பாள். நடந்தது என்ன? அவள் 9 நாள், என் மகன் 6 நாள், நான் 8 நாள். காலண்டரில் மூன்று நிற மையில் எழுதி வைத்தோம். ஜனவரி முதல் ஜூன் வரை அதே பேரனுக்கு மூன்று முறைதான் உடம்புக்கு வந்தது. 8 நாள்தான் போகவில்லை. மருமகள் இன்றும் வேலைக்குப் போகிறாள்.

எங்கள் காலத்தில் சட்டப்படி 12 வாரம்தான் விடுப்பு. என்னோடு சேர்ந்த பெண்களில் சிலர் முதல் குழந்தையோடு வேலையை விட்டார்கள். அவர்கள் இழந்தது அந்த வருஷச் சம்பளம் மட்டும் இல்லை. இன்று வாங்கியிருக்க வேண்டிய பென்ஷனும் சேர்த்து. ஒரு வருஷத்துச் சளிக்கு முப்பது வருஷத்து வருமானத்தைக் கொடுப்பது எந்தப் பேரேட்டிலும் நேராகாது. விரும்பி வீட்டில் இருப்பவர்களைப் பற்றி நான் பேசவில்லை. வேறு வழியில்லை என்று விடுபவர்களுக்காகச் சொல்கிறேன்.

எல்லார் வீட்டிலும் பாட்டி இருப்பதில்லை. அதனால் சங்கத்துக்கு மூன்று யோசனை. ஒன்று, பகலில் வீட்டில் இருக்கும் ஓய்வு பெற்றவர்களில் விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். பழகிய குடும்பத்துக்கு அவசரத்துக்கு இரண்டு மணி நேரம் துணை இருக்கலாம். முதல் பெயர் என்னுடையது. இரண்டு, காய்ச்சல் விட்டு ஒரு நாள் முழுசாக ஆகாத பிள்ளையை விளையாட்டு இடத்துக்கும் காப்பகத்துக்கும் அனுப்ப வேண்டாம். நமக்கே சளி என்றால் அடுத்தவர் குழந்தையைக் கொஞ்சவும் வேண்டாம். மூன்று, அடுத்த முறை லிஃப்டில் ஒரு தாயைப் பார்த்தால், “இன்னுமா சரியாகவில்லை?” என்று கேட்காதீர்கள். “ராத்திரி தூங்கினாயா, நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளட்டுமா?” என்று கேளுங்கள்.