தெய்வத்தோடு பிணங்கிய புலவன்
(குடமுழுக்கு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



திருப்பணி தொடங்குமுன் மூலத் திருமேனியினின்றும் இறைவனது கலைகளைக் கும்பத்தில் எழுந்தருளச் செய்து, பாலாலயத்தில் வைத்து வழிபடுதல் ஆகம மரபு. திருப்பணி முடியுந்துணையும் கருவறையில் திருமேனி இருக்கும். ஆனால் தீபம் இராது, தூபம் இராது, நிவேதனமும் இராது. நாள்தோறும் வந்து பழகிய முதியோர் பலர் சாத்திய வாயிலைக் கண்டு நெஞ்சு கனத்து நின்றதை இவ்வூரார் அறிவர். கோயிலுக்கு இந்நிலை வருங்கால் செய்யத்தக்கன இவையெனக் கிரியை நூல்கள் வகுத்து வைத்துள்ளன. வழிபடுவோனது நெஞ்சு இங்ஙனம் வெறுமையுற்றால் செய்யத்தக்கது யாது? கை மலரை இடுகிறது, வாய் மந்திரத்தைச் சொல்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. ஒருநாள் இருநாள் அன்று, ஆண்டுக்கணக்காகவும் அவ்வாறு இருப்பதுண்டு. பிறரிடம் சொல்லவோ நாணம் தடுக்கிறது.

இத்துன்பம் ஒரு சமயத்தார்க்கே உரியதன்று. தெய்வத்தை உறவாக எண்ணி வழிபட்ட மக்கள் எங்கெங்கு இருந்தனரோ அங்கெல்லாம் இதுவும் இருந்தது. வடகடலில் பனியும் எரிமலையும் ஒருங்கே பொருந்திய ஐஸ்லாந்துத் தீவில், ஏறத்தாழ 960-ஆம் ஆண்டில் ஒரு புலவனுக்கு இந்நிலை நேர்ந்தது. அவனது வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

ஐரோப்பாவில் கிறித்துவம் பரவிய காலத்துப் பழைய தெய்வங்களை விடாதாரைப் 'பேகன்' என்று இழித்துக் கூறினர். அச்சொல்லுக்கு இலத்தீன் மொழியில் நாட்டுப்புறத்தான் என்பதே பழம்பொருள். இழிவு சொல்லில் இல்லை. சொன்னவர் வாயில் இருந்தது. ஐஸ்லாந்தில் 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நார்வே நாட்டார் குடியேறினர். ஓதின், தோர், பிரேய் முதலிய தெய்வங்களை அவர்கள் வழிபட்டனர். ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டில் அத்தீவின் பொதுமன்றம் கிறித்துவத்தைச் சட்டமாக ஏற்றது. பழைய நெறி பன்னூறாண்டு மறைந்து கிடந்தது. 1973-ஆம் ஆண்டில் அதனை மீளக் கைக்கொண்டாரது சங்கத்துக்கு அந்நாட்டரசு முறையான ஏற்பு அளித்தது.

அந்நெறியில் தெய்வத்துக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு கொடையாலும் எதிர்கொடையாலும் ஆவது. ஒருவன் தான் முழுதும் நம்பிச் சார்ந்த தெய்வத்தைப் 'புல்த்ரூயி' என்பான். நண்பனுக்கு நண்பன் பரிசளிப்பதுபோலப் பலியளிப்பான். தெய்வமும் நண்பன்போல உதவவேண்டும். இதனைக் கேட்டவுடன் வணிகம் என்று தள்ளிவிடுதல் எளிது. அவ்வாறு தள்ளுதல் முறையன்று. அந்நாட்டில் கொடுத்தலும் கொள்ளலும் இல்லாத நட்பு நட்பாகவே எண்ணப்படவில்லை.

தெய்வங்களுள் ஓதின் எளிதில் அன்பு செய்தற்குரியவன் அல்லன். அறிவின்பொருட்டு மீமிர் என்பானது ஊற்றில் ஒரு கண்ணை விலையாகக் கொடுத்தவன். ரூன் என்னும் எழுத்துக்களின் மறைபொருளை அறியக் காற்றலைக்கும் மரத்தில் ஒன்பது இரவுகள் தொங்கியவன். அரக்கர் மலைக்குள் ஒளித்து வைத்த கவித்தேறலைக் கவர்ந்து வந்து தேவர்க்கும் புலவர்க்கும் அளித்தவன். போருக்கும் மாண்டார்க்கும் கவிக்கும் அவனே தலைவன். தான் வளர்த்த வீரனையே ஒருநாள் களத்தில் கைவிட்டுவிடுவான் என்ற அச்சமும் அவனை வழிபட்டார்க்கு இருந்தது.

இவ்வோதினைத் தோழனாகக் கொண்டவன் ஸ்கல்லாகிரிம் என்பானுடைய மகனாகிய எகில். மேற்கு ஐஸ்லாந்தில் போர்க் என்னும் பண்ணையில் வாழ்ந்தவன். அவனுடைய வரலாறு 13-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'எகில் சாகா' என்னும் உரைநடை நூலில் விரிந்து கிடக்கிறது. அவன் நல்லவன் என்று சொல்லத் துணிவார் யாருமில்லை. ஏழு வயதளவிலேயே விளையாட்டில் எழுந்த பகைக்கு ஒரு சிறுவனை வெட்டி வீழ்த்தினான். வளர்ந்தபின் கடற்கொள்ளையும் போருமே தொழில். ஆயினும் பெரும்புலவன். இங்கிலாந்தில் யார்க் நகரில் பகையரசன் எரிக்கின் கையில் அகப்பட்டபோது, ஓரிரவிற்குள் அவன்மேல் ஒரு புகழ்ப்பாட்டியற்றி மறுநாள் பாடித் தன் தலையை மீட்டுக்கொண்டான். ஓதின் அளித்த கவி அன்று அவனுயிரைக் காத்தது.

பின்னிகழ்ச்சி விளங்குதற்கு மற்றொன்றும் சொல்லவேண்டும். எகிலின் தமையன் தோரோல்ப் ஆங்கில அரசன் ஆதெல்ஸ்தானுக்காகப் பொருது மாண்டான். அவனைப் புதைத்துவிட்டு வந்த எகில், அரசனது வெற்றி விருந்தில் தலைக்கவசத்தோடு அமர்ந்தான். வாளைப் பாதி உருவுவதும் உள்ளே தள்ளுவதுமாக இருந்தான். ஒரு புருவம் கன்னத்தளவு தாழ்ந்தது. மற்றொன்று மயிர்நுனிவரை ஏறியது. கொடுத்த மதுவைக் குடியான், யாரோடும் பேசான். அரசன் தன் கையிலிருந்த பொற்கடகத்தைக் கழற்றி, வாள்முனையில் மாட்டி, நெருப்பின்மேலாக நீட்டினான். எகிலும் தன் வாள்முனையால் அதனை ஏற்றான். பின்னரே புருவங்கள் நேராயின. அவன் பொன்னாசையை எள்ளுவதற்கு இது சொல்லப்பட்டதன்று. இழப்புக்கு ஈடு செய்தல் அந்நாட்டுச் சட்டத்தின் உயிர். உறவினன் மாண்டால் அதற்குக் காரணமானவன் ஈடு தரவேண்டும். தந்தால் உறவு மீளும். தராவிடில் பகை நிற்கும்.

இனி அவனுக்கு வந்த துன்பத்தைக் காண்போம். அவன் புதல்வருள் குன்னர் என்பவன் முன்னரே நோயுற்று இறந்தான். அதன்பின் மிகவும் அன்பு வைத்திருந்த பொத்வர் என்னும் இளமைந்தன், வாங்கிய மரங்களைப் படகிலேற்றி வருகையில் தென்மேற்குச் சூறையில் அகப்பட்டான். படகு கவிழ்ந்தது, உடன்வந்தாரும் ஒருவரும் பிழைத்திலர். மறுநாள் உடல்கள் கரையொதுங்கின. எகில் மகனுடலைக் கண்டெடுத்துத் தன் முழங்காலின்மேல் கிடத்திக் குதிரையூர்ந்து, தன் தந்தையைப் புதைத்த மேட்டுக்குச் சென்றான். மேட்டைத் திறந்து பாட்டனருகே பேரனைக் கிடத்தி மூடியபோது கதிரவன் மறைந்துவிட்டான். துயரால் அவனுடல் வீங்கி, இறுகவணிந்த சட்டை கிழிந்தது என்கிறது வரலாறு.

வீடு வந்தான், உள்ளே தாழிடத்தக்க படுக்கையறையுள் புகுந்து தாழிட்டான். உணவில்லை, நீரில்லை. பேசத் துணிந்தவர் ஒருவருமில்லை. மூன்றாம் நாள் மனைவி ஆஸ்கெர்த், மணமாகி வேற்றூரிலிருந்த மகள் தோர்கெர்த்துக்கு ஆளனுப்பினாள். அவள் இரவெல்லாம் குதிரையேறி வந்தாள்.

அவள் செய்ததை நுணுகிக் காணவேண்டும். இரவுணவு ஆயிற்றா என்று தாய் வினவ, உண்ணவில்லை, பிரேயா தேவியின் உலகம் சேருமளவும் உண்ணப்போவதுமில்லை என்று தந்தையின் செவிபடுமாறு உரக்கச் சொன்னாள். அறைவாயிலில் நின்று, தானும் அவன் போகும் வழியே வரவிரும்புவதாகக் கூறிக் கதவைத் திறக்கச் செய்தாள். உள்ளே சென்று மற்றொரு கட்டிலில் படுத்தாள். சிறிது நேரத்தில் எதனையோ மெல்லும் ஒலி கேட்டது. யாதென்றான் தந்தை. 'சோல்' என்னும் கடற்பாசி என்றாள். தின்றால் உடல் விரைவில் கெடும், இன்றேல் நெடுநாள் உயிர் கிடக்குமே என்றாள். அவனும் வாங்கித் தின்றான். உப்புக்கரிக்கும் பாசி, தாகம் மூண்டது. தண்ணீர் என்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட கொம்பை வாங்கி ஒரே மூச்சில் இழுத்தான். ஏமாந்தோம், இது பால் என்றாள் மகள். எகில் கொம்பின் விளிம்பைப் பல்லாற் கடித்துப் பெயர்த்து எறிந்தான்.

அதன்மேல் அவள் சொன்னதே மருந்து. சாகும் எண்ணம் குலைந்துவிட்டது. பொத்வரின் பெயரால் இரங்கற்பாட்டு ஒன்று செய்யுமளவேனும் வாழ்வோம். தந்தை சொல்லச் சொல்லத் தான் மரக்கோலில் ரூன் எழுத்தாற் செதுக்குவதாகவும், இருக்கும் தம்பி தோர்ஸ்டைன் அதனைச் செய்யவல்லன் அல்லன் என்றும் சொன்னாள். தெய்வம் நல்லதே செய்யும் என்று அவள் உபதேசிக்கவில்லை. விதி என்னவில்லை. பலியிடுமாறும் கூறவில்லை. அவன் கைத்தொழிலை நினைவூட்டினாள், அவ்வளவே. துயருற்றார் வீட்டுக்குச் சென்று நெடுநேரம் தத்துவம் பேசுவார் இப்பெண்ணிடம் பயில வேண்டியது நிரம்ப உண்டு.

முயன்றாலும் இயலாது என்றான், ஆயினும் தொடங்கினான். அப்பாட்டே 'சோனதோரெக்' எனப்படுவது. புதல்வரை இழந்த துயர் என்பது கருத்து. 25 செய்யுட்கள். நா எழவில்லை என்று தொடங்குகிறான். கவி வரவில்லை என்பதை அவன் எங்ஙனம் சொல்கிறான் என்பது உற்றுநோக்கத்தக்கது. கவியைக் குறிக்க அவன் ஆளும் சொல்லே ஓதின் கவர்ந்து வந்த பொருள் என்பது. எந்தத் தெய்வத்தின்மேல் சினங்கொண்டானோ, அத்தெய்வத்தின் பெயரைச் சொல்லாமல் தன் ஊமைத் தன்மையைக்கூட அவனாற் சொல்ல முடியவில்லை. நெஞ்சைச் சொற்கள் உறையும் கோயிலாகவும், பாட்டை அங்கிருந்து சுமந்துவரும் தளிர்த்த மரமாகவும் உருவகிக்கிறான். மரமேற்றிய படகில் மகனை இழந்தவன் அவன்.

பின்னர்ச் சினம் கடலின்மேற் பாய்கிறது. வாளாற் பழிதீர்க்க இயலுமாயின் கடற்றெய்வமாகிய ஏகிரோடு பொருதிருப்பான், முதியவனுக்குத் துணையில்லை. மனிதன் கொன்றிருந்தால் மன்றத்தில் வழக்குண்டு, ஈடுண்டு. கடலின்மேல் எம்மன்றத்தில் வழக்குரைப்பது? மகனுக்கு ஈடாவது மற்றொரு மகனே என்னும் உலகவழக்கையும் நினைக்கிறான், அதிலும் ஆறுதலில்லை. கடைசியில் உண்மையான எதிராளியை நோக்கித் திரும்புகிறான். ஓதினோடு தனக்கு நல்லுறவு இருந்தது, நம்பியிருந்தான், அத்தோழமையை அவனே முறித்துவிட்டான் என்கிறான். இனித் தான் வழிபடுவது விருப்பத்தால் அன்று என்றும் ஒளியாது கூறுகிறான்.

அடுத்து நிகழ்வதுதான் திருப்பம். நன்கு எண்ணிப் பார்க்கின் ஓதின் ஈடு தந்துள்ளான் என்று அவனே கணக்குப் பார்க்கிறான். ஒன்று, குற்றமற்ற கவித்திறம். மற்றொன்று, வஞ்சகரை வெளிப்பட்ட பகைவராக்கும் மனத்துணிவு. மகன் மீளவில்லை, தெய்வம் தோன்றவில்லை, கனவுமில்லை. ஆதெல்ஸ்தான் நெருப்பின்மேல் நீட்டிய கடகம்போல ஒன்று முன்னரே தன் கையில் இருந்ததைக் கண்டான். அதனைக் காணுதற்கு அவன் அதனை ஆளவேண்டியிருந்தது. பாடாமல் படுத்திருந்தபோது அது தெரியவில்லை.

தோழமை நெறியில் இத்தகைய பூசல் நம்மவர் அறியாததன்று. தம்பிரான் தோழரும் கண்ணிழந்தபின் ஊரூராகச் சென்று உரிமையோடு முறையிட்டவரே. காஞ்சியில் இடக்கண்ணும் ஆரூரில் வலக்கண்ணும் பெற்றார். எகிலுக்கு இழந்தது எதுவும் திரும்பவில்லை. இருவரையும் ஒரு தட்டில் வைத்தல் பொருந்தாது. பூசலிட்ட வாய் பாடுவதை நிறுத்தவில்லை என்பது ஒன்றே இருவர்க்கும் பொது.

எல்லாரும் இவ்வாறு மீளவில்லை என்பதையும் மறைத்தலாகாது. அந்நாட்டு மற்றொரு சாகாவில் வரும் ஹ்ரப்ன்கெல் என்பவன் பிரேய் தெய்வத்துக்குக் கோயிலெடுத்து, தன் குதிரையிற் பாதியை அத்தெய்வத்துக்கே உரிமையாக்கியவன். பகைவர் அக்குதிரையைக் கொன்று கோயிலை எரித்தபோது, தெய்வங்களை நம்புதல் பேதைமை என்று விட்டவன், பின் ஒருகாலும் பலியிடவில்லை. அதன்பின் அவன் முன்னினும் சாந்தமுடையவனாயினான் என்றே அந்நூல் கூறுகிறது. இதனை மறுத்துப் பேச இடமில்லை. பிரேய்க்கு அவன் செய்ததெல்லாம் பொருளாற் செய்தது, பொருள் எரிந்தது. எகில் பெற்றது எரியக்கூடிய பொருளன்று.

சோனதோரெக் முழுமையும் பழைய தோற்சுவடியில் இன்றில்லை. 14-ஆம் நூற்றாண்டுச் சுவடியில் முதற்செய்யுள் மட்டும் உண்டு. எஞ்சியன 17-ஆம் நூற்றாண்டுப் படிகளாற் கிடைத்தவை. சிதைவு பல. எகிலே பாடினானா என்று ஐயுறுவாரும் உளர். ஏடுகளின் நிலையற்ற தன்மையை அறிந்தார்க்கு இது வியப்பன்று.

பாட்டு வளர வளர அவன் உடலில் வலிமை ஏறியது. முடிந்தவுடன் மனைவிக்கும் மகளுக்கும் வீட்டார்க்கும் பாடிக் காட்டினான். படுக்கையை விட்டெழுந்து தன் தலைமை இருக்கையில் அமர்ந்தான். புதல்வர்க்குப் பழைய முறைப்படி நீத்தார் விருந்து நடத்தினான். தோர்கெர்த் பரிசுகளோடு தன் ஊர் திரும்பினாள்.

அதன்பின் எகில் நெடுநாள் வாழ்ந்தான். முதுமையில் கண்ணொளி போயிற்று; கால் தள்ளாடியது. மோஸ்பெல் என்னும் பண்ணையில், மனைவியின் மகள் வீட்டில், குளிருக்கு அஞ்சி அடுப்பருகே வந்து உட்காருவான். வேலைக்கு இடையூறாயிருக்கிறான் என்று சமையற்பெண் கடிந்து, போய்ப் படுக்கச் சொல்வாள். எழுந்து நிற்கும் அந்நேரத்திலும், குளிர்ந்த தன் இரண்டு கால்களைப்பற்றி ஒரு பாட்டுக் கட்டினான்.