தம்மை விடுற ஃப்ரெண்டுக்கு நாம என்ன பண்ணலாம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

 

போன வாரம் ஒரு மெசேஜ் வந்துச்சு. "என் ரூம்மேட் சிகரெட்டை விடப் போறேன்னு சொல்றான். எனக்குப் பழக்கம் கிடையாது. நான் அவனுக்கு என்ன பண்ணணும்னே தெரியல ப்ரோ." இவ்வளவுதான். இதைப் படிச்சதும் எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சியே வந்துடுச்சு. ஏன்னா இதே இடத்துல ரெண்டு வருஷம் முன்னாடி நான் இருந்தேன். என்னென்ன பண்ணக் கூடாதோ அத்தனையும் வரிசையா பண்ணேன். அதனால இன்னிக்கு எபிசோடு, விடுறவங்களுக்கு இல்ல. அவங்க பக்கத்துல இருக்கிற நமக்கு. முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் கிடையாது. மருந்து விஷயம் வர்ற இடத்துல டாக்டரைக் கேட்டுக்கோங்க.

என் ஃப்ரெண்டை கார்த்தின்னு வெச்சுப்போம். அவன்கிட்ட கேட்டுட்டுதான் இதைப் பேசறேன், பேர் மட்டும் வேற. ரெண்டு பேரும் ஒரே டீம், துரைப்பாக்கத்துல ஒரே ஃப்ளாட். ஒரு நாளைக்குப் பத்து சிகரெட் பிடிப்பான், ரிலீஸ் இருந்தா இன்னும் கூடும். அப்போ அவன் அக்காவுக்குக் குழந்தை பொறந்திருந்துச்சு. பார்க்கப் போனவன் ஆசையா கையை நீட்டியிருக்கான். அக்கா திட்டல, சாதாரணமாதான் சொல்லியிருக்காங்க: "சட்டையை மாத்திட்டு, கையைக் கழுவிட்டு வந்து தூக்குடா." அவ்வளவுதான். அன்னிக்கு ராத்திரி ரூமுக்கு வந்து, "நாளையிலிருந்து விட்டுட்டேன் மச்சி"ன்னான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது எத்தனாவது தடவை மச்சி?" சொல்லிட்டு சிரிச்சேன். அவனும் சிரிச்சான். அந்தச் சிரிப்புல அவன் அக்கா சொன்னதை என்கிட்ட சொல்லாமலே விட்டுட்டான். எனக்கு அது தெரிஞ்சது ஒரு மாசம் கழிச்சுதான்.

அடுத்த நாள்லேர்ந்து நான் போலீஸ் ஆயிட்டேன். வீட்டுக்குள்ள வந்ததும் சட்டையை மோந்து பார்க்கிறது. வாயில மிட்டாய் இருந்தா, "ஏன் மிட்டாய் சாப்பிடற?"ன்னு கேட்கிறது. ஒரு நாள் அவன் ஜிபே ஹிஸ்டரியை வாங்கிப் பார்த்து, "டீ 12 ரூபா, கடைக்காரருக்கு ஏன் 32 ரூபா போயிருக்கு?"ன்னு கேட்டேன். (சிரிக்கிறார்) அது சமோசா. நிஜமாவே சமோசாதான். அதோட ஃப்ரிட்ஜ் மேல ஒரு ஒயிட்போர்டு மாட்டி, நாள் 1, நாள் 2ன்னு தினமும் நானே எழுதினேன். வீட்டுக்கு வர்ற எல்லாரும் பார்ப்பாங்க, கை கொடுப்பாங்க. சூப்பரா சப்போர்ட் பண்றோம்னு நினைச்சுட்டு இருந்தேன்.

பதினோராவது நாள் ராத்திரி ஒரு ரிலீஸ். ரெண்டு மணிக்கு ஏதோ உடைஞ்சு எல்லாரும் டென்ஷன். அப்போ கீழ இறங்கி ஒண்ணு பிடிச்சிருக்கான். யார்கிட்டயும் சொல்லல. காலையில எழுந்து நான் போர்டுல "நாள் 12"ன்னு எழுதினேன். அதைப் பார்த்துக்கிட்டே பல் தேய்ச்சிருக்கான். அப்புறம் 13, 14, 15... நான் எழுதிட்டே இருந்தேன், அவன் மறைச்சுப் பிடிச்சுட்டே இருந்தான். 24 எழுதின அன்னிக்கு மொட்டை மாடில துணி எடுக்கப் போனேன். தண்ணி டேங்க் பின்னாடி உட்கார்ந்திருந்தான், கையில சிகரெட்.

எனக்குக் கோவம்தான் வந்துச்சு. "என்னை ஏன்டா ஏமாத்தின?"ன்னு கேட்டேன். அவன் சொன்னது: "அந்த போர்டுல இருக்கிற நம்பரை அழிக்க எனக்கு தைரியம் வரல டா."

அது நேரா உள்ள போச்சு. அவன் ஒரு சிகரெட் பிடிச்சது பெரிய பிரச்சினை இல்ல. அதைச் சொல்ல முடியாத மாதிரி நான் வீட்டை மாத்தி வெச்சிருந்தேன் பாருங்க, அதுதான் பிரச்சினை. முதல் நாளே சொல்ல முடிஞ்சிருந்தா அது ஒண்ணோட நின்னிருக்கலாம். மறைக்க ஆரம்பிச்சதால நாளுக்கு அஞ்சு ஆயிடுச்சு.

நம்ம வேலைல சர்வர் விழுந்தா "யார் பண்ணது?"ன்னு ஆரம்பிக்க மாட்டோம். என்ன நடந்துச்சு, எப்போ நடந்துச்சு, அதுக்கு முன்னாடி என்ன மாறுச்சுன்னுதான் பார்ப்போம். ஆபீஸ்ல அவ்வளவு ஒழுங்கா இருக்கிற நான், ஃப்ரெண்டு விஷயத்துல நேரா ஆளைப் பிடிச்சேன். அன்னிக்கு மாடிலயே உட்கார்ந்து, திட்டாம, எந்தெந்த நேரத்துல கை போகுதுன்னு மட்டும் கேட்டேன். நாலு இடம் வந்துச்சு. காலைல காபிக்கு அப்புறம். மதியம் சாப்பிட்டதும். நாலு மணி டீ. ராத்திரி ரிலீஸ். அக்கா சொன்னதையும் அப்போதான் சொன்னான்.

அப்புறம் கொஞ்சம் படிச்சேன். ஒரு இழுப்பு இழுத்தா நிகோடின் 10, 20 செகண்டுல மூளைக்குப் போயிடும். ரத்தத்துல ரெண்டு மணி நேரத்துல பாதியா குறையும். உடனே மூளை "அடுத்தது எங்க?"ன்னு கேட்கும். விட்ட சில மணி நேரத்துலயே எரிச்சல், படபடப்பு, கவனம் நிக்காம போறது எல்லாம் ஆரம்பிக்கும். முதல் ரெண்டு மூணு நாள் உச்சம், அப்புறம் ரெண்டுலேர்ந்து நாலு வாரத்துல படிப்படியா இறங்கும். அந்த நாட்கள்ல அவன் சள்ளுன்னு விழுந்தா அது உங்க மேல கோவம் இல்ல. "இதுக்கு நீ சிகரெட்டே பிடிச்சிருக்கலாம்"னு மட்டும் சொல்லிடாதீங்க. நான் சொல்லியிருக்கேன். அவனுக்கு அது பர்மிஷன் மாதிரி.

இன்னொரு முக்கியமான விஷயம். ஒரு தடவை வர்ற அந்த வேகம் சில நிமிஷம்தான். பிடிச்சாலும் போயிடும், பிடிக்கலைன்னாலும் போயிடும். அப்போ நம்ம வேலை சிம்பிள். அந்தச் சில நிமிஷம் கூட இருக்கணும். எங்களுக்குள்ள ஒரு கோட் வேர்டு வெச்சோம்: "பில்டு ஓடுது." அவன் அப்படி மெசேஜ் போட்டா நான் போன் பண்ணுவேன், இல்ல எழுந்து அவன்கூட ஒரு நடை போவேன். சிகரெட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டோம். கிரிக்கெட், மேனேஜர், வாடகை, எதுவா இருந்தாலும் சரி. தண்ணி குடிக்கிறது, நிதானமா மூச்சு விடறது, கடலை மிட்டாய் கடிக்கிறது, எல்லாமே அந்த நிமிஷங்களைத் தாண்டத்தான்.

நம்ம ஆளுங்களுக்குத் தெரியாத ஒண்ணு காபி. சிகரெட் புகைல இருக்கிற சில பொருட்கள் கல்லீரலைத் தூண்டி, காபில இருக்கிற கஃபீனை வேகமா கரைக்க வைக்கும். சிகரெட்டை நிறுத்தினா அந்த வேகம் குறைஞ்சிடும். அதே நாலு காபி குடிச்சாலும் உடம்புல கஃபீன் கூடுதல் நேரம் நிக்கும். கை நடுக்கம், தூக்கம் வராதது எல்லாம் வரும். ஆளு அதை "சிகரெட் இல்லாததாலதான்"னு நினைச்சுப்பான். கார்த்தி நாலு காபியை ரெண்டாக்கினான். ராத்திரி தூங்க ஆரம்பிச்சான்.

அடுத்தது நிகோடின் கம். முதல் தடவை கார்த்தி அதை பபிள் கம் மாதிரி சவுக்கு சவுக்குன்னு மென்னுட்டு, விக்கலும் வயித்தெரிச்சலும் வந்து தூக்கிப் போட்டுட்டான். மெதுவா கொஞ்சம் மெல்லணும். நாக்குல சுருக்குன்னு தெரிஞ்சதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வைக்கணும். சுருக்கு போனதும் மறுபடி மெல்லணும். அரை மணி நேரம் இப்படி. அதுக்கு 15 நிமிஷம் முன்னாடியும், வாயில இருக்கும்போதும் டீ, காபி, கூல்டிரிங்க்ஸ் வேணாம், நிகோடின் சரியா உள்ள இறங்காது. எவ்வளவு, எத்தனை நாள்னு டாக்டர்கிட்ட கேளுங்க. இதய நோய் இருக்கிறவங்களும் கர்ப்பிணிகளும் கட்டாயம் கேட்கணும். வெரனிக்லின், புப்ரோபியான்னு மாத்திரைகளும் இருக்கு, டாக்டர் சீட்டு வேணும். "மருந்து எடுத்தா வில் பவர் இல்லைன்னு அர்த்தம்"னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க. ஜுரத்துக்கு மாத்திரை போட்டா யாரும் அப்படிச் சொல்றதில்லையே? வேப்புக்கு மாறலாமான்னு கேட்காதீங்க. நம்ம நாட்டுல 2019-லேர்ந்து அதை விக்கிறதே சட்டவிரோதம்.

அப்புறம் அந்த நம்பர். சிகரெட் பாக்கெட்லயே அச்சடிச்சிருக்கும்: 1800-11-2356. மத்திய அரசோட குவிட்லைன், கட்டணம் கிடையாது. தமிழ்லயும் பேசலாம். ஆலோசகர் விடுற தேதி குறிக்க உதவுவாங்க, அப்புறம் அவங்களே திரும்பக் கூப்பிட்டும் விசாரிப்பாங்க. "ஆயிரம் தடவை பார்த்திருக்கேன் டா, ஒரு தடவைகூடப் படிச்சதில்ல"ன்னான் கார்த்தி. அவனுக்கு பதிலா நான் டயல் பண்ணல. அவன் பேசும்போது மாடில பக்கத்துல உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். சென்னைல நேர்ல போகணும்னா அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்ல புகையிலையை விட உதவற பிரிவு இருக்கு. கேன்சர் வந்தாதான் போகணும்னு இல்ல.

இப்போ கஷ்டமான இடம், டீக்கடை. தம்மை விடுறவன் இழக்கிறது நிகோடினை மட்டும் இல்ல. ஆபீஸ் அரசியல், சம்பள ரகசியம், காதல் தோல்வி எல்லாம் பேசுறது அங்கதான். நாலு மணிக்கு கேங் கீழ போகும், இவன் மட்டும் சீட்ல தனியா. அந்தத் தனிமையிலேயே பாதிப் பேர் திரும்பிப் போயிடறாங்கன்னு எனக்குத் தோணுது. நாங்க என்ன பண்ணோம்னா, கொஞ்ச நாள் டீயை மேல பேன்ட்ரிக்கு வாங்கிட்டு வந்தோம். பிடிக்கிற ஃப்ரெண்ட்ஸ்கிட்ட விடச் சொல்லல. "அவன் முன்னாடி நீட்டாதீங்க, 'ஒரு பஃப்தானே'ன்னு மட்டும் சொல்லாதீங்க"ன்னு கேட்டுக்கிட்டோம். ஒத்துக்கிட்டாங்க. கேட்டா செய்வாங்க மக்களே, நாமதான் கேட்கிறதில்ல.

பேச்சுல ரெண்டு மூணு மாத்தம். "கேன்சர் வரும்"னு பயமுறுத்தாதீங்க. பாக்கெட்டோட முன்பக்கமும் பின்பக்கமும் 85 சதவீதம் அந்தப் படமும் எச்சரிக்கை வார்த்தைகளும்தான், அதை தினமும் பார்த்துட்டுதான் பிடிக்கிறாங்க. "இன்னிக்குப் பிடிச்சியா?"ன்னு கேட்காம, "இன்னிக்கு எந்த நேரம் கஷ்டமா இருந்துச்சு?"ன்னு கேளுங்க. முதல் கேள்விக்குப் பொய் சொல்லலாம். ரெண்டாவதுக்குப் பொய் சொல்ல அவசியமே இல்ல. "நான் என்ன பண்ணா உனக்கு ஈஸியா இருக்கும்?"னும் கேளுங்க. "ஒண்ணும் பண்ணாத"ன்னு சொன்னா, அதையும் மதியுங்க.

ஒண்ணு பிடிச்சுட்டா எல்லாம் ஜீரோன்னு நினைக்காதீங்க. பதினோரு நாள், நாளுக்குப் பத்து, 110 சிகரெட் அவன் உடம்புக்குள்ள போகல. அந்தக் கணக்கை ஒரு சிகரெட் அழிக்க முடியாது. நிறைய பேருக்குப் பல தடவை முயற்சி பண்ணிதான் விட முடியுது.

ரெண்டாவது தடவை ஆரம்பிச்சப்போ போர்டு கிடையாது. நடுவுல ஒரு கல்யாண வீட்டுல பழைய காலேஜ் கேங்கோட ஒண்ணு பிடிச்சான். ராத்திரி பதினோரு மணிக்கு போன். "மச்சி, ஒண்ணு பிடிச்சுட்டேன்." நான், "சரி, சாப்பிட்டியா?"ன்னு கேட்டேன். அப்புறம் இருபது நிமிஷம் அந்தக் கல்யாண பிரியாணியைப் பத்திப் பேசினோம். அதுக்கப்புறம் பிடிக்கல, ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரு வருஷத்துல இதய நோய் ஆபத்து, பிடிச்சுட்டே இருக்கிறவங்களோட ஒப்பிட்டா ஏறக்குறைய பாதியா குறையும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கார்த்திக்கு அந்தக் கணக்கெல்லாம் ஞாபகம் இல்ல. அக்கா பொண்ணுக்கு ரெண்டு வயசு. வீட்டுக்குள்ள போன உடனே அவன் தோள்ல ஏறிடறா, அதைத்தான் சொல்லுவான்.

நாளைக்கு அவன் மறுபடி ஒண்ணு பிடிக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனா பிடிச்சா என்கிட்ட சொல்லுவான். மெசேஜ் அனுப்பின தம்பி, நீங்க அந்த இடத்துக்கு வந்துட்டா போதும். போர்டு மட்டும் வாங்கிடாதீங்க.

நீங்க விட்ட கதை, விட முடியாத கதை, ரெண்டையும் வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம். டாட்டா!