ஒரு பத்திரிகை, ஆறு பேர், நாளைக்கு ஐந்து சொல்

(பிரிவுக் கல்விக் குழுவின் சார்பில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



சம்பளம், கொழுந்து நிறுவை என்று பேசுவதற்கே இந்தக் கூட்டத்தில் நேரம் போதாது. அதற்குள் ஆங்கிலத்துக்கு அரை மணித்தியாலம் ஒதுக்கித் தந்ததற்கு நன்றி. பின்வரிசையில் ஒரு ஐயா "நமக்கெதுக்கு இங்கிலீசு?" என்று கேட்டது எங்கள் காதில் விழுந்தது. முதலில் அவருக்கே பதில் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் குழுவில் உள்ள ஒரு பிள்ளையின் அம்மா முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்தவர். வேலையிலிருந்து நின்றபோது ஒரு கடிதத்தில் கையொப்பம் வாங்கினார்கள். கடிதம் முழுக்க ஆங்கிலம். காசு கிடைத்ததற்கு ஒப்பம் என்று சொன்னார்கள், அவரும் வைத்தார். கடைசி வரியில் 'ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்' என்று இருந்தது. எல்லாக் கணக்கும் தீர்ந்தது, இனிக் கேட்க எதுவும் இல்லை என்பது அதன் பொருள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்குச் சேவைக்காலப் பணம் வருடத்துக்கு 14 நாள் சம்பளம். அப்படிக் கணக்குப் போட்டால் அவர் கைக்கு வந்தது குறைவு. சங்கம் அதைத் தொழில் திணைக்களத்துக்குக் கொண்டு போயிருக்கிறது, விசாரணை இன்னும் முடியவில்லை.

அந்தக் கடிதத்தை மகள் அன்றே வாசித்தாள். சாதாரண தரத்தில் ஆங்கிலம் சித்தியடைந்தவள் அவள். அந்தச் சொற்களைத் தனித்தனியே அவளுக்குத் தெரியும், சேர்ந்து வந்தபோது பிடிபடவில்லை. போன முறை போட்டிப் பரீட்சையில் அவளுக்கும் எங்களில் இன்னும் மூன்று பேருக்கும் அடி விழுந்ததும் அதே இடத்தில்தான். வாசித்து விளங்கும் பகுதியில் சொல் தெரிந்தது, வசனம் தெரியவில்லை.

நாங்கள் படித்த முறை அப்படி. டவுனில் ஒரு சொற்பட்டியல் புத்தகம் வாங்கி 'ஏ'யில் தொடங்கி 'சி' வரைக்கும் மனப்பாடம் செய்தோம். 'டி' வருவதற்குள் பரீட்சை வந்துவிட்டது. சனிக்கிழமை வகுப்புக்குப் போவதென்றால் பஸ் காசும் வகுப்புக் காசும் சேர்ந்து வீட்டில் ஒரு நாள் பேரைத் தின்றுவிடும். ஆகவே ஆறு பேர் காசு போட்டு, வாரத்துக்கு ஒரு ஆங்கிலப் பத்திரிகையும் ஒரு தமிழ்ப் பத்திரிகையும் வாங்கத் தொடங்கினோம்.

இரண்டு பத்திரிகை எதற்கு என்று கேட்பீர்கள். ஒரே நாளைய தினகரனையும் டெய்லி நியூஸையும் எடுத்துப் பாருங்கள். இரண்டும் லேக்ஹவுஸிலிருந்துதான் வருகின்றன, பெரிய செய்திகள் இரண்டிலும் இருக்கும். முதலில் தமிழில் வாசியுங்கள். என்ன நடந்தது, யார் என்ன சொன்னார் என்று தெரிந்துகொண்டு, அதே செய்தியை ஆங்கிலத்தில் வாசியுங்கள். விஷயம் ஏற்கெனவே தெரிவதால் தெரியாத சொல்லின் பொருளை நீங்களே ஊகிக்கலாம். ஊகித்த பிறகுதான் அகராதியைத் திறக்க வேண்டும். தானாகக் கண்டுபிடித்த சொல் மறக்காது, இது எங்கள் அனுபவம்.

நமக்குத் தெரிந்த செய்தியில் தொடங்குங்கள். கிரிக்கெட் பிடித்தவர் கடைசிப் பக்கத்தில் தொடங்கட்டும், தப்பில்லை. நாங்கள் சம்பளச் செய்தியில் தொடங்கினோம். 2021இல் சம்பள நிர்ணய சபை மூலம் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது உங்களுக்கு நினைவிருக்கும். அடிப்படை 900, வரவுசெலவுத்திட்ட நிவாரணப்படி 100. அதை எதிர்த்துக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. அந்தக் காலத்துப் பழைய பேப்பர் ஒன்றைக் கடையில் கேட்டு வாங்கினோம். வேஜஸ் போர்ட், கெசட், அலவன்ஸ், பெட்டிஷன், இன்டெரிம் ஓடர் எல்லாம் ஒரே செய்தியில் கிடைத்தன. 'இன்டெரிம்' என்றால் இடைக்காலம். அந்த வழக்கைப் பற்றி வாய் ஓயாமல் பேசிய லயத்துப் பிள்ளைகளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தம்பி தங்கைகளே, சொல்லைத் தனியாக எழுதாதீர்கள், அது வந்த வசனத்தோடு எழுதுங்கள். 'கோல் எ ஸ்ட்ரைக்' என்றால் வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுப்பது. நடுவில் 'ஓஃப்' என்ற சின்னச் சொல் சேர்ந்து 'கோல் ஓஃப் எ ஸ்ட்ரைக்' ஆனால் அதைக் கைவிடுவது. சங்கக்காரருக்கு இந்த இரண்டும் மாறிப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்! பரீட்சைத்தாளில் கோடு போட்டு இடம் விட்டுக் கேட்பதும் இந்தச் சின்னச் சொல்லைத்தான்.

ஒரு சொல் கிடைத்தால் அதன் குடும்பத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள். அம்மாவின் சம்பளச் சீட்டில் இ.பி.எஃப். என்று இருக்கிறதே, நமது பக்கம் 8 வீதமும் கம்பனி பக்கம் 12 வீதமும் போகும் சேமலாப நிதி, அதில் முதல் எழுத்து 'எம்ப்ளோயீ', ஊழியர். வேலை கொடுப்பவர் 'எம்ப்ளோயர்', வேலை 'எம்ப்ளோய்மென்ட்', வேலையில்லாமை 'அன்எம்ப்ளோய்மென்ட்'. சம்பளச் சீட்டில் இருந்த ஒரு சொல்லுக்குள் இத்தனை சொற்கள்.

தலைப்புச் செய்தியில் மட்டும் கவனம் தேவை. அதன் ஆங்கிலம் வேறு. நேற்று நடந்ததை இன்று நடப்பது போல எழுதுவார்கள்: 'யூனியன்ஸ் ரிஜெக்ட் ஒஃபர்'. 'மினிஸ்டர் டு மீட் யூனியன்ஸ்' என்றால் அமைச்சர் சந்திக்கப் போகிறார், இன்னும் சந்திக்கவில்லை. இடம் மிச்சம் பிடிக்கச் சொற்களை விட்டுவிடுவார்கள். எங்களில் ஒருவர் கட்டுரையை இந்தப் பாணியில் எழுதிவிட்டு, பத்திரிகையிலேயே இப்படித்தான் இருக்கிறது என்று ஆசிரியரோடு வாதாடினார். தலைப்பைப் பார்த்து விஷயத்தைப் பிடியுங்கள், இலக்கணத்தைச் செய்தியின் உள்ளே பாருங்கள். ஆசிரியர் தலையங்கம் கடினம், அதை மூன்று நான்கு மாதம் போன பிறகு தொட்டால் போதும்.

நாளைக்கு ஐந்து சொல் போதும். முப்பது எழுதியவர்கள் எங்களில் இருந்தார்கள், இரண்டாம் வாரம் கொப்பியைக் காணவில்லை! எழுதியதை மறுநாளும் அடுத்த ஞாயிறும் திருப்பிப் பாருங்கள். பேப்பர் வாங்க முடியாதவர்கள் கடையில் சாமான் சுற்றும் பழைய பேப்பரைக் கேளுங்கள். பொது அறிவுக்குத்தான் புதுப் பேப்பர் வேண்டும், சொல்லுக்குப் பழையதே போதும். ஃபோனிலும் வாசிக்கலாம், ஆனால் ஃபோனைத் திறந்தால் பத்திரிகையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வாசிக்கிறோம்.

ஆங்கிலம் நமக்கு அந்நியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். லயம் என்பது 'லைன்', பிரட்டு என்பது 'பரேட்'. தினமும் நம் வாயில் இருக்கிறது. மடக்கும்புர தோட்டத்தில் பிறந்து 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போன சி. வி. வேலுப்பிள்ளை, 'போர்ன் டு லேபர்' என்று நம் மக்களைப் பற்றி ஆங்கிலத்திலேயே புத்தகம் எழுதினார். அது 1970இல் வந்தது.

தாய்மார்களே, உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது, அதற்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. இரவு ரொட்டி சுடும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இன்னைக்கு இங்கிலீசு பேப்பர்ல என்ன வாசிச்ச, தமிழ்ல சொல்லு" என்று கேளுங்கள். தட்டுத்தடுமாறினால் பிள்ளைக்கு விளங்கவில்லை என்று அர்த்தம். ஏசாதீர்கள், திரும்ப வாசித்துவிட்டு வரச் சொல்லுங்கள். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மட்டுமாவது தண்ணீர் எடுக்கவும் விறகுக்கும் அனுப்பாமல் ஒரு மணித்தியாலம் விட்டுக்கொடுங்கள். பெண்பிள்ளைகளையும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

கடிதத்தில் கையொப்பம் வைத்த அம்மாவின் மகள் இந்த முறை மறுபடியும் பரீட்சை எழுதுகிறாள். விசாரணைக்குக் கொடுக்க வேண்டிய அந்தக் கடிதத்தைச் சங்கத்துக்காகத் தமிழில் எழுதிக் கொடுத்ததும் அவள்தான். யாருக்காவது ஆங்கிலக் கடிதம் வந்தால் ஒப்பம் வைக்கும் முன் எங்களிடம் கொண்டுவாருங்கள், ஆறு பேரில் ஒருவராவது வீட்டில் இருப்போம்.

அடுத்த ஞாயிறு பகல் இரண்டு மணிக்குக் கொழுந்து மடுவத்தில் கூடுகிறோம். ஒரு கொப்பி, ஒரு பேனை, வீட்டில் கிடக்கும் ஆங்கிலப் பேப்பர் எதுவானாலும் எடுத்து வாருங்கள், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.